கல்யாணம் பேசி வைக்கும் கைம்பெண்ணின் தயக்கம்

ரீஜென்சி காலத்து, அதாவது மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட காலத்து, இங்கிலாந்தில் நடக்கும் காதல் நாவல்களை விடாமல் வாசிப்பவர்களுக்கு இந்த நாயகியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முப்பதை எட்டாத கைம்பெண். சாம்பல் நிறப் பட்டு உடுத்தியிருப்பாள். அவள் பொறுப்பில் ஒரு சின்னப் பெண் இருப்பாள், நாத்தனாராகவோ மூத்தாள் மகளாகவோ. அந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கும் வேலை இவள் தலையில் விழும். வேண்டா வெறுப்பாக ஏற்றுக்கொள்வாள். பார்த்த வரனே கடைசியில் இவள் பக்கம் திரும்பிவிடுவான். தெரிந்த கதைதான். தெரிந்த கதையை மறுபடி வாசிப்பதில் ஒரு சுகமும் இருக்கிறது. என்னை உறுத்துவது அந்த வேண்டா வெறுப்பு. பெரும்பாலான நாவல்களில் அதற்கு இரண்டே காரணங்கள்தான் சொல்கிறார்கள். செத்துப்போன கணவனை இவள் அளவுக்கு மீறி நேசித்திருப்பாள், இல்லாவிட்டால் அவன் படுபாவியாக இருந்திருப்பான். இரண்டுமே மனக்காயம். காயம் என்றால் ஆறும், ஆகவே இருபதாவது அத்தியாயத்தில் நாயகன் வந்து ஆற்றிவிடுகிறான். ஆனால் 1811 முதல் 1820 வரையிலான அந்த இங்கிலாந்தில் ஒரு கைம்பெண் கல்யாணப் பேச்சைக் கண்டு பின்வாங்க மனக்காயமே வேண்டாம். சட்டமும் வரவுசெலவுக் கணக்கும் போதும். அவள் அதைத் தெரியாதவளாகவும் இருக்க முடியாது, ஏனென்றால் அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும்தான் அவள் சாப்பாடு இருக்கிறது.

அவள் கையில் என்ன இருக்கிறது

கல்யாணமான பெண்ணுக்கு அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் தனி ஆளாக இருப்பே இல்லை. அவள் பணம், நகை, நாற்காலி எல்லாம் கணவனுடையவை. அவள் பெயரில் நிலம் இருந்தால் அதன் வாடகை அவனுக்குப் போகும். அவள் தனியாக வழக்குப் போட முடியாது, ஒப்பந்தம் எழுத முடியாது, அவன் சம்மதம் இல்லாமல் எழுதிய உயிலும் செல்லாது. மணமாகாத மகளோ அப்பாவின் கைக்குள். இந்த இரண்டு நிலைக்கும் வெளியே, கையெழுத்துப் போடும் உரிமையோடும் சொந்த வருமானத்தோடும் ஊரார் மதிப்போடும் ஒருத்தி இருந்தாள் என்றால் அவள் வசதியுள்ள கைம்பெண்தான். நாவலாசிரியர்கள் அவளைப் பரிதாபத்துக்கு உரியவளாகக் காட்டும்போதெல்லாம் அந்தக் காலத்துப் பெண்களே சிரித்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

வசதி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பல நாவல்கள் தடுக்கி விழுகின்றன. பழைய பொதுச்சட்டப்படி, கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கின் வருமானம் அவள் சாகும்வரை அவளுக்கு உண்டு. ஆனால் நிலபுலன் உள்ள குடும்பங்கள் எதுவும் அதை விட்டு வைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே செட்டில்மென்ட் பத்திரம் எழுதி, அந்த மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாக ஒரு நிலையான ஆண்டுத்தொகையைக் குறித்துவிடுவார்கள். அதற்கு ஜாயிஞ்சர் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் படிந்துபோன வழக்கமான விகிதம் பத்துக்கு ஒன்று. பெண் 10,000 பவுன் (தங்கப் பவுன் இல்லை, ஆங்கிலப் பணமான பவுண்ட்) சீதனத்தோடு வந்தால், கைம்பெண்ணானபின் ஆண்டுக்கு 1,000 பவுன். அதே 10,000 பவுனை அரசாங்கக் கடன் பத்திரத்தில் ஐந்து சதவீதத்துக்குப் போட்டிருந்தால் 500தான் வரும். இப்போது வாரிசின் இடத்திலிருந்து பாருங்கள். இருபத்துநான்கு வயதில் தாலியறுத்த அண்ணி நாற்பது வருடம் உயிரோடிருந்தால், கொண்டு வந்த பத்தாயிரத்துக்கு நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு போவாள். வாரிசும் கைம்பெண்ணும் ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதற்குத் தனியாக ஒரு வில்லத்தனம் கற்பிக்கத் தேவையில்லை, இந்தக் கணக்கு போதும்.

வீட்டு விஷயமும் அப்படித்தான். கணவன் இறந்த நாளிலிருந்து நாற்பது நாள் அவள் அந்த வீட்டில் இருக்கலாம் என்பது 1215ஆம் ஆண்டு மேக்னா கார்ட்டா உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. அதற்குப்பின் பெரிய வீடு வாரிசுடையது. இரண்டு வருடம் கழித்தும் அதே மாளிகையின் படிக்கட்டில் நின்று விருந்தாளிகளை வரவேற்கும் கைம்பெண்ணைக் கண்டால், வாரிசு மைனர் பையனா, அல்லது உயிலில் ஏதாவது ஏற்பாடா என்று நாவல் சொல்லியாக வேண்டும். அவள் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னால் இன்னொரு கதவு திறக்கிறது. அடுத்த வாரிசுக்குச் சந்தேகம் வந்தால், அனுபவமுள்ள பெண்களைக் கொண்டு அவளைப் பரிசோதிக்கச் சொல்லி நீதிமன்ற ஆணை கேட்கலாம். அப்படியோர் ஆணை உண்மையிலேயே சட்டப் புத்தகத்தில் இருந்தது. காதல் நாவல்கள் இதைத் தொடாமல் போவது எனக்கு ஆச்சரியம்தான்.

இராணுவ அதிகாரியின் மனைவியாக இருந்தால் கணக்கே வேறு. பதவியைப் பணம் கொடுத்து வாங்கும் காலம் அது. விற்றுவிட்டு ஓய்வு பெற்றால் போட்ட பணம் திரும்பும், பணியிலேயே செத்தால் பொதுவாகப் போனது போனதுதான். 1815 ஜூன் 18ஆம் தேதி வாட்டர்லூவில் கணவனை இழந்தவள் அன்றைக்கே குடும்ப முதலில் பெரும்பகுதியையும் இழந்திருப்பாள். பணத்துக்காக வரன் பார்க்கும் வேலைக்கு வரும் கைம்பெண் வேண்டுமென்றால் இவளைத்தான் எடுக்க வேண்டும். கோமகன் வீட்டுச் சீமாட்டிக்கு அந்த நெருக்கடியைக் கொடுப்பது கஷ்டம்.

கூலி கிடைக்காத வேலை

வந்தவளுக்குக் கூலி எப்படி? பெண்ணின் அப்பாவோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறாள், கல்யாணம் முடிந்ததும் இத்தனை பவுன் என்று. பிறகு அவர் ஏமாற்றுகிறார், இவள் வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறாள். இது நடக்காது. 1695இலேயே, மேல்முறையீட்டின் கடைசிப் படியான பிரபுக்கள் சபை இந்த வாசலை மூடிவிட்டது. அந்த வழக்கின் கதை எந்த நாவலையும் தோற்கடிக்கும். தாமஸ் தின் என்ற பணக்காரர், எலிசபெத் பெர்சி என்ற பெருஞ்சொத்துக்காரியை மணந்துகொள்ள உதவினால் 500 பவுன் தருவதாகப் பாட்டர் என்ற அம்மாளுக்குக் கடன்பத்திரம் எழுதிக் கொடுத்தார். எலிசபெத் அப்போது கைம்பெண். 1667இல் பிறந்தவள், 1679இல் முதல் கல்யாணம், 1680இல் கணவர் இறந்துவிட்டார். 1681இல் தின்னோடு கல்யாணம் நடந்தது. 1682இல் அவரை லண்டன் பால்மால் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். அந்த வருடமே அவள் சாமர்செட் கோமகனை மணந்தாள். பதினைந்து வயதுக்குள் மூன்று கல்யாணம். தின்னின் பத்திரத்தை வைத்துக்கொண்டு பாட்டர் அம்மாள் பணம் கேட்ட வழக்கு சபைவரை போய், கல்யாணம் முடித்து வைக்கக் கூலி பேசும் எந்தப் பத்திரமும் பொதுநலனுக்கு விரோதமானது, செல்லாது என்று முடிந்தது. அதற்குப்பின் நூறு வருடம் கழித்து வரும் நம் நாயகிக்கும் அதே சட்டம்தான். அகப்பாடல்களின் தோழிக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அவளோடு கூலி பேசுவார் இல்லை.

ஆகவே பணம் வேறு வழியில்தான் வர வேண்டும். பெண்ணை லண்டனில் தன்னோடு வைத்துக்கொள்வதற்கு வீட்டு வாடகை, வண்டி, உடைச் செலவு என்று முன்கூட்டியே வாங்கிக்கொண்டு அதில் மிச்சம் பிடிப்பது ஒரு வழி. வெளியே சொன்னால் அது விருந்தோம்பல். நல்ல நாவலாசிரியர் கையில் இது அருமையான சங்கடம். கேட்க முடியாத பணம், கொடுத்தால் நன்றி சொல்லி வாங்க வேண்டிய பணம், பெண்ணுக்கு வரன் அமையாவிட்டால் அடுத்த வருடம் யாரும் கூப்பிடமாட்டார்கள். அவள் வேண்டா வெறுப்பு இங்கேயே பாதி விளங்கிவிடுகிறது.

காலக்கணக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கணவனுக்காக ஒரு வருடமாவது கறுப்பு, பாம்பசீன், கிரேப் என்ற மினுமினுப்பில்லாத துக்கத் துணிகளில். அதன்பின் சாம்பலும் லாவெண்டரும். நடனத்துக்குப் போவது அதற்குமேல்தான். விக்டோரியா காலத்து இரண்டரை வருடத் துக்கத்தை இங்கே கொண்டுவந்து திணிப்பது வழக்கமான பிழை. மேல்தட்டுக் குடும்பங்கள் விருந்துக்கும் நடனத்துக்கும் கூடும் லண்டன் சீசன் நாடாளுமன்றத்தோடு சேர்ந்து ஓடுவது, ஈஸ்டர் முடிந்தபின் சூடு பிடித்து ஜூன், ஜூலையில் அடங்கும். பெண்ணை அரசியாரின் முன் அறிமுகப்படுத்துகிறவள் தானே முன்பு அறிமுகமாகியிருக்க வேண்டும். செயின்ட் ஜேம்ஸ் பகுதியின் ஆல்மாக்ஸ் அரங்கில் புதன்கிழமை நடனம். அனுமதிச் சீட்டு கொடுப்பது ஜெர்சி சீமாட்டி, காசில்ரே சீமாட்டி போன்ற ஏழெட்டுப் பெண்கள். தின்னக் கிடைப்பது மெல்லிய ரொட்டியும் வெண்ணெயும், குடிக்க லெமனேடும் தேநீரும். இவ்வளவு நாவல்களில் வந்தபின் ஆல்மாக்ஸைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை. 1817 நவம்பர் 6ஆம் தேதி ஆட்சிப் பொறுப்பிலிருந்த இளவரசரின் ஒரே மகள் சார்லட் பிரசவத்தில் இறந்து நாடே கறுப்பு உடுத்தியதை மட்டும் மறக்கக்கூடாது. அந்தக் குளிர்காலத்தில் ரோஜா நிறத்தில் ஆடும் பெண்ணைக் காட்டினால் கதை கவிழும்.

சம்மதம் யாருடையது

நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். வரன் பார்ப்பது ஒன்று, அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதம் கொடுப்பது வேறு. ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த 1753ஆம் ஆண்டுக் கல்யாணச் சட்டப்படி இரண்டு வழிகள்தான். ஒன்று, மூன்று ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் ஓலை வாசிப்பது, அதாவது மணமக்கள் பெயரைச் சபைமுன் அறிவிப்பது. மற்றது, லைசென்ஸ் வாங்குவது. இரண்டிலும் காலை 8 மணியிலிருந்து 12 மணிக்குள் தாலி கட்டுவதற்குச் சமமான அந்தச் சடங்கு முடிந்தாக வேண்டும். கான்டர்பரி பேராயர் கொடுக்கும் சிறப்பு லைசென்ஸ் இருந்தால்தான் இடமும் நேரமும் நம் இஷ்டம். அது பிரபுக்கள், அவர்கள் பிள்ளைகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் போன்றவர்களுக்கு. ஊரார் காதில் மூன்று வாரம் பெயர் விழுவதை மேல்தட்டுக் குடும்பங்கள் விரும்பவில்லை, லைசென்ஸைத்தான் நாடினார்கள். லைசென்ஸில் 21 வயது நிரம்பாத பெண் மணந்தால் சம்மதம் வேண்டும், சம்மதம் இல்லாத கல்யாணம் செல்லாது. பின்னால் ரத்தாகிற கல்யாணம் என்றுகூட இல்லை, ஆரம்பத்திலிருந்தே இல்லாத கல்யாணம். அதில் பிறக்கும் பிள்ளைகளுக்கு வாரிசுரிமை கிடையாது.

யாருடைய சம்மதம் என்பதற்குச் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. அப்பா உயிரோடிருந்தால் அப்பா. இல்லையென்றால் சட்டப்படி நியமித்த கார்டியன், அதாவது காப்பாளர். அப்படி யாரும் இல்லையென்றால் அம்மா, அதுவும் அவள் மறுமணம் செய்துகொள்ளாமல் இருந்தால் மட்டும். அவளும் இல்லையென்றால், மைனர்களின் காரியங்களைக் கவனிக்கும் சான்சரி நீதிமன்றம் நியமிக்கும் ஆள். மூன்றாவது படியைத் திரும்ப வாசியுங்கள். கைம்பெண்ணாக இருக்கும்வரைதான் மகளின் கல்யாணத்தில் அவள் கையெழுத்துக்கு மதிப்பு. அவள் வேறொருவனை மணந்த நிமிடமே அந்த அதிகாரம் போய்விடுகிறது. நான் தேடிய தயக்கம் இந்த ஒரே பிரிவுக்குள் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. ஏப்ரலில் நாயகன் அவளைக் கேட்கிறான். மகளுக்கு ஜூனில் கல்யாணம் பேசியிருக்கிறது, செட்டில்மென்ட் இன்னும் வக்கீல்களிடம். இவள் சரி என்று சொல்லி மே மாதம் மணந்தால், மகளுக்குச் சம்மதம் கொடுக்க ஆளில்லை. சான்சரியில் மனுப்போட வேண்டும். செத்த கணவனின் தம்பி, அந்த ஆண்டுத்தொகை ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிக் கொடுத்த அதே மனிதன், நானே கார்டியன் என்று முன்னால் வருவான். மகளுக்குப் பிடித்த வரன் அவனுக்குப் பிடிக்குமா? இதைச் சொல்லாமல் நாயகியைக் கண்ணாடி முன் நிறுத்தி, நான் மறுபடி நேசிக்கத் தகுதியானவளா என்று கேட்கவைப்பது பெரிய இழப்பு.

இதற்காக ஒரு விலை கொடுக்க வேண்டும், வயது. பதினெட்டில் மணந்தவளுக்குப் பதினேழு வயது மகள் வேண்டுமென்றால் நாயகிக்கு முப்பத்தாறு ஆகவேண்டும். பதிப்பகங்கள் இருபத்தெட்டைத்தான் விரும்புகின்றன போலிருக்கிறது. அதனால்தான் மகள் நாத்தனாராகவும் மூத்தாள் மகளாகவும் மாறிவிடுகிறாள். ஆனால் சிற்றன்னைக்கும் அண்ணிக்கும் அந்த வரிசையில் இடமே இல்லை. கார்டியன் யார் என்று சொல்லாமல், சிற்றன்னையின் சம்மதத்தோடு லைசென்ஸில் மணந்துகொண்டு ஓடிவிடும் பெண்கள் நாவல்களில் ஏராளம். அவர்களில் ஒருத்திக்கும் சட்டப்படி கல்யாணமே ஆகவில்லை. ஓலை வாசித்திருந்தால் தப்பித்திருப்பார்கள், ஏனென்றால் அங்கே பெற்றோரோ கார்டியனோ எழுந்து வெளிப்படையாக மறுத்தால்தான் தடை, வாய்மூடி இருந்தால் சம்மதம். இல்லாவிட்டால் எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக் கிராமமான கிரெட்னா கிரீனுக்கு ஓட வேண்டும். ஸ்காட்லாந்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. லண்டனிலிருந்து முந்நூறு மைலுக்கு மேல், வழியெல்லாம் குதிரை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

போர்க்களத்தில் சாகும் நண்பன் நாயகன் கையைப் பிடித்து, என் மகளைப் பார்த்துக்கொள் என்று சொல்வதும் உண்டு. உருக்கமான காட்சிதான், சட்டத்துக்கு அது காற்று. 1660ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பா கார்டியனை நியமிக்க எழுத்தும் வேண்டும், இரண்டு சாட்சிகளும் வேண்டும். எழுதி வைத்துவிட்டுச் செத்திருந்தால் நாயகன்தான் கார்டியன், அம்மாவின் சம்மதம் தேவையே இல்லை. அப்போது கதையின் எடை முழுக்க இடம் மாறுகிறது. இவள் பார்த்துப் பார்த்துத் தேடிய வரனை அவன் ஒரு சொல்லில் தட்டிவிடலாம். அந்த இருவரும் காதலிப்பது இந்தச் சமமின்மையின் மேல்தான் என்றால், நாவலாசிரியர் அதை நேராகப் பார்த்து எழுத வேண்டும். இன்னொரு நுணுக்கம்: அம்மாவோ கார்டியனோ காரணமில்லாமல் சம்மதம் மறுத்தால் சான்சரியின் தலைவரான சான்சலரிடம் முறையிடலாம், அப்பா மறுத்தால் முறையிட வழியில்லை. வயது குறைந்தவளே கைம்பெண்ணாக இருந்தால் யாருடைய சம்மதமும் வேண்டாம். பத்தொன்பது வயதுக் கைம்பெண் தன் இஷ்டப்படி மணக்கலாம், அவளைவிட ஒரு வயது மூத்த கன்னிப்பெண்ணால் முடியாது. இந்த இருவரையும் ஒரே வீட்டில் வைத்து ஒரு நாவல் வந்தால் முதல் நாளே வாங்கிவிடுவேன்.

அவளுடைய கல்யாணம்

மகளுக்கு வரன் அமைந்துவிட்டது. இனி நாயகன். அவன் செத்த கணவனின் தம்பியாக இருந்தால் நாவலை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அண்ணனின் கைம்பெண்ணை மணப்பது திருச்சபைச் சட்டத்தில் விலக்கப்பட்ட உறவு. அந்தக் காலத்தில் அப்படிச் செய்தவர்களும் இருந்தார்கள், இருவரும் உயிரோடிருக்கும்வரை யாராவது வழக்குப் போட்டால் கல்யாணம் ரத்து. 1835க்குப்பின் நடந்தால் வழக்கே வேண்டாம், தானாகவே செல்லாது. இங்கிலாந்தில் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது 1921இல்தான். கணவனின் சித்தப்பா மகன் என்றால் தடையில்லை, பட்டத்தையும் அவனுக்கே கொடுத்துக்கொள்ளலாம்.

மறுமணம் செய்யும் கைம்பெண் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதற்கு ஸ்ட்ராத்மோர் சீமாட்டி மேரி எலினார் போவ்ஸின் கதை இருக்கிறது. நிலக்கரியில் செழித்த குடும்பத்தின் ஒரே வாரிசு. 1776இல் கணவர் இறந்தார். ஜார்ஜ் கிரே என்பவரை மணக்க இருந்தபோது, 1777 ஜனவரியில், கிரேக்குத் தெரிந்தே மேரி தன் சொத்தை டிரஸ்டிகள் பெயருக்கு மாற்றித் தன் தனி உபயோகத்துக்கென்று பத்திரம் எழுதினார். அதே மாதம் ஆண்ட்ரூ ராபின்சன் ஸ்டோனி என்பவன் மேரியின் மானத்தைக் காக்கப் போவதாக ஒரு பத்திரிகை ஆசிரியரோடு போலி ஒண்டிச் சண்டை போட்டு, சாகக் கிடப்பதாக நடித்து, கடைசி ஆசையென்று அவரையே மணந்துகொண்டான். சாகவில்லை. பத்திரம் இருப்பது தெரிந்ததும் அடித்து உதைத்து ரத்துப் பத்திரம் எழுதி வாங்கினான். அவர் தப்பித்தார், 1786இல் கடத்தப்பட்டார், மீட்கப்பட்டார். கடைசியில் நீதிமன்றங்கள் முதல் பத்திரமே செல்லும் என்றன. கல்யாணத்துக்கு முன் பெண் தன் சொத்தை மறைத்து ஒதுக்கினால் அது வரப்போகும் கணவனுக்குச் செய்த மோசடி என்று சட்டம் பார்க்கும். இங்கே அப்போது மணக்கவிருந்தவருக்குத் தெரிந்தே எழுதியதால் மோசடியில்லை.

நாவலாசிரியருக்கு இதில் ஒரு தயார்நிலைக் காட்சி இருக்கிறது. நம் நாயகி மகளுக்காக வக்கீல்களோடு வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். கைச்செலவுக்கு எவ்வளவு, கைம்பெண்ணானால் எவ்வளவு, இளைய பிள்ளைகளுக்கு எவ்வளவு, டிரஸ்டிகள் யார் என்று ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்டியிருக்கிறாள். தனக்கென்று வரும்போது அவள் கேட்க வேண்டியதும் அதேதான். தன் ஆண்டுத்தொகை டிரஸ்டிகள் கைக்குப் போய்த் தன் தனிக் கையெழுத்துக்கு மட்டும் கட்டுப்பட வேண்டும். முன்கணவனின் உயிலில், மறுமணம் செய்யாதவரை என்ற நிபந்தனையோடு கிடைத்த வீடும் வண்டியும் போகும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். முக்கியமாக, நாயகன் அந்தப் பத்திரத்தைப் படித்து, ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாகக் கையெழுத்துப் போட வேண்டும். அவன் கையெழுத்து இல்லாவிட்டால் பத்திரம் ஆட்டம் காணும். காதலைச் சொல்லும் காட்சியை நிலவொளித் தோட்டத்தில் வைப்பதைவிட, வக்கீல் அறையில் அவன் அந்த ஷரத்தை வாசித்துவிட்டுப் பேனாவை எடுக்கும் இடத்தில் வைப்பது எனக்கு உசிதமாகப் படுகிறது. ஆண்டுக்கு ஆயிரம் பவுனை வேண்டாம் என்று எழுத்தில் சொல்லும் ஆண் வேறு வசனம் பேச வேண்டியதில்லை.

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே நாள், ஒரே கோயிலில் கல்யாணம் வைக்கும் ஆசை இந்த வகை நாவல்களுக்கு எப்போதும் உண்டு, வைக்கட்டும். மகளுடையது லைசென்ஸ் என்றால் மணமக்களில் ஒருவராவது நான்கு வாரம் அந்தக் கோயிலின் பங்கு எல்லைக்குள் குடியிருந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய அத்தியாயத்திலேயே வீடு பிடித்துவிட வேண்டும். மகளின் சடங்கு முதலில், அம்மாவின் சடங்கு பிறகு. வரிசை மாறினால் அம்மாவின் சம்மதம் செத்துப்போய், மகளின் கல்யாணம் செல்லாமல் போகும். மணமகன் வண்டி தாமதித்து 11 மணிக்கு மேல் ஆகிவிட்டால் அம்மா அடுத்த நாள் காலைக்கு ஒதுங்கிக்கொள்ளலாம், மகளுடையதை 12 அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.